விக்கிப்பீடியா: பழைய பதிப்பை மீட்கும் முன்...

தமிழ் விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நம் ஊர் பற்றிய பக்கத்தில் யாராவது கிறுக்கி வைத்தால்? பயம் வேண்டாம். முந்தைய பதிப்புகள் சேமிக்கப்பட்டே இருக்கும்.

கூடுவாஞ்சேரி பற்றிய பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, மேலே ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதை க்ளிக் செய்யுங்கள். ஒரு திருத்தத்துக்கு ஒரு வரி. தேதி, நேரம், திருத்தியவர் பெயர், எத்தனை பைட் கூடியது அல்லது குறைந்தது என எல்லாம் அதில் இருக்கும். இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால் பழையது இடப்பக்கமும் புதியது வலப்பக்கமும் தோன்றும். மாறிய சொற்கள் தனி நிறத்தில் தெரியும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். நேற்றைய கிறுக்கலை நீக்க 2018-ம் ஆண்டுப் பதிப்பைத் திறந்து அப்படியே சேமித்தால் கிறுக்கல் போகும். கூடவே ஊரும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குத் திரும்பிவிடும்! செங்கல்பட்டு மாவட்டம் உருவானது 2019 நவம்பரில். நந்திவரம்-கூடுவாஞ்சேரி பேரூராட்சி நகராட்சியானது 2021-ல். இடையில் மற்றவர்கள் உழைத்துச் சேர்த்த இத்தகைய தகவல்களும் பக்கத்திலிருந்து மறைந்துவிடும்.

எனவே கிறுக்கிய அந்த ஒரு திருத்தத்தை மட்டும் ரத்து செய்யுங்கள். அதற்கான இணைப்பு அந்த வரியின் முடிவிலேயே உள்ளது. அதே இடத்தைப் பின்னர் வேறொருவர் மாற்றியிருந்தால் ரத்து ஆகாது; கையால்தான் திருத்த வேண்டும். சேமிக்கும் முன் சுருக்கக் கட்டத்தில் காரணத்தை ஒரு வரி எழுதிவிடுங்கள்.