சுவர் வெடித்தால் சீமெந்து மட்டும் போதுமா?

ஓகஸ்ட் மாதம் பிறந்தால் எமது ஹாட்வெயார் கடையில் சில பொருட்களின் விற்பனை தானாகவே கூடிவிடும். சீமெந்து, வோல் பட்டி, கோழிக்கூட்டு வலை, பெயின்ட் ஆகியவைதான் அவை. வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும் காலம் அது. நிலத்தோடு சேர்ந்து வீட்டுச் சுவர்களும் வெடிக்கின்றன. மக்கள் கடைக்கு வருகிறார்கள், கேட்டதைக் கொடுக்கிறோம், கல்லாப்பெட்டி நிறைகிறது. அடுத்த வருடமும் அதே ஆட்கள் அதே சாமானுக்கு வருகிறார்கள்.

இதைப் பல வருடங்களாக நான் நல்ல வியாபாரம் என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் முருங்கன் பக்கத்து வயலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் வயதான உம்மா ஒருவர். 2016இல் ஆறு பை சீமெந்து வாங்கினார். 2019இல் எட்டுப் பை. 2022 ஓகஸ்டில் மூன்றாவது தடவையாக எட்டுப் பை கேட்டு வந்தார். ஒரு வருடத்துக்கு முன்னர் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ பை அப்போது மூவாயிரம் ரூபா அளவுக்கு ஏறியிருந்தது. கட்டாரில் வேலை செய்யும் மகன் அனுப்பிய காசைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்திருந்தார்.

"எங்கே உம்மா பூசப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அதே அறை, அதே மூலைதான் மகன். மழைக்குக் கதவு பூட்டுப்படாது. வெயிலுக்குச் சுவர் விரியுது. மேசனிட்டச் சொன்னேன், அவர் சீமெந்தக் கூடப் போட்டுப் பூசினாச் சரியாகும் எண்டார்" என்றார்.

மேசனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2019இல் சீமெந்தைக் கூட்டிப் போடச் சொன்னவன் நான்தான். அன்று பின்னேரம் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

மணலில் படித்த வேலை

நான் அங்கு கண்டதைச் சொல்வதற்கு முன்னர் எமது மண்ணைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முருங்கன் சுற்றுவட்டாரத்தில் இருப்பது கருமை கலந்த களிமண். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவதற்கு அதைவிட நல்ல மண் கிடையாது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்கான களிமண் முருங்கனிலிருந்துதான் போனது. அன்று சீமெந்து செய்யக் கொடுத்த மண்தான் இன்று சீமெந்துச் சுவர்களை வெடிக்க வைக்கிறது.

இந்தக் களிமண் தண்ணீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மழைக் காலத்தில் வீட்டை மெல்லத் தூக்கும், வெயிற் காலத்தில் கீழே விடும். வீடு முழுவதையும் ஒரே அளவாகத் தூக்கி இறக்கினால் பெரிய பாதிப்பு இல்லை. ஒரு மூலை ஈரமாகவும் மறு மூலை காய்ந்தும் இருக்கும்போதுதான் சுவர் இழுபட்டு வெடிக்கிறது. இந்தியாவில் கரிசல் மண் பிரதேசங்களிலும் இதே பிரச்சினைதான். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் அந்த மண்ணுக்கென்றே அடிப்பகுதி அகன்ற ஆழமான தூண் அத்திவார முறையொன்றை 1950களில் உருவாக்கியது.

எமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாம் ஏறத்தாழ இருபது வருடங்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் வாழ்ந்தோம். எமது இளைஞர்கள் பலர் மேசன் தொழிலைப் பழகியது அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில். மணல் ஊதுவதுமில்லை, சுருங்குவதுமில்லை. இரண்டடி தோண்டிக் கல் அடுக்கினால் வீடு நிற்கும். 2009இன் பின்னர் ஊர் திரும்பியவர்கள் அதே இரண்டடி அத்திவாரத்தைக் களிமண்ணில் போட்டார்கள். இந்த மண்ணின் குணத்தை அறிந்திருந்த மூத்த மேசன்மாரில் பலர் அதற்குள் மௌத்தாகிவிட்டனர். வீடு வாசலோடு சேர்த்து நாம் இழந்தவற்றில் இந்தத் தொழில் அறிவும் ஒன்று. அதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

வெடிப்பு சொல்லும் சேதி

உம்மாவின் வீட்டில் படுக்கையறை மூலையிலிருந்து ஜன்னலின் கீழ் மூலை வரை படிக்கட்டுப் போல ஏறிச் சென்றது வெடிப்பு. மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். அந்த மூலைக்கு அருகில்தான் குளிக்கும் இடம். குசினித் தண்ணீரும் அங்கேதான் ஓடுகிறது. பக்கத்தில் வாழை நட்டிருந்தார்கள். கூரைக்குப் பீலி இல்லை. வீட்டின் மறுபக்கத்திலோ தரை கல்லுப் போலக் காய்ந்து கிடந்தது. இரண்டு தடவையும் நாம் சுவருக்கு மருந்து போட்டோம். வருத்தம் தரையில் இருந்தது.

எல்லா வெடிப்பும் ஆபத்தானதல்ல. பூச்சு வேகமாகக் காய்ந்ததால் சிலந்தி வலை போலத் தோன்றும் மயிர் வெடிப்புக்குப் பயப்படத் தேவையில்லை. ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்டதைச் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்கும்போது மூடிவிடலாம். ஐந்து மில்லிமீற்றர் வரையானதைக் காரணத்தைக் கண்டு நீக்கிய பின் நல்ல மேசன் ஒருவரே திருத்துவார். பதினைந்து மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, சுவர் வெளியே தள்ளினாலோ, கூரை மரமும் பீமும் அமர்ந்திருக்கும் இடம் அசைந்திருந்தாலோ மேசனையும் கடைக்காரரையும் நம்பாதீர்கள். பொறியியலாளர் ஒருவரைக் காட்டுங்கள். முதற்கட்டமாகப் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமாவது கேளுங்கள்.

அடுத்தது, வெடிப்பு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை. வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். அகன்ற இடத்தில் இரு பக்கமும் புள்ளி வைத்து மாதம் ஒரு தடவை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் குறியுங்கள். மழையில் ஒடுங்கி வெயிலில் விரிந்தால், அல்லது அதற்கு மாறாக நடந்தால், களிமண்தான் விளையாடுகிறது என்று அர்த்தம்.

முதலில் தண்ணீர், பிறகு சுவர்

அன்று நான் உம்மாவுக்கு எட்டுப் பை விற்கவில்லை. ஆறு பை விற்றேன், அதுவும் சுவருக்கல்ல. குளிக்கும் இடத்தையும் குசினித் தண்ணீரையும் குழாய் போட்டுத் தூரத்துக்குக் கொண்டுபோனோம். வாழையை இடம் மாற்றினோம். கூரைக்குப் பீலி பூட்டி மழைநீரைக் கானுக்கு விட்டோம். பாதிக்கப்பட்ட இரண்டு பக்கச் சுவரோரமாக மூன்றடி அகலத்தில் மேல் களிமண்ணை எடுத்து, கிறவல் இட்டு இறுக்கி, பொலித்தீன் விரித்து, மூன்று அங்குலக் கொங்றீட் போட்டோம். சுவரிலிருந்து வெளிநோக்கி மூன்றடிக்கு இரண்டு அங்குலம் சரிவு. கொங்றீட்டைச் சுவரோடு ஒட்டிவிடாமல் சிறு இடைவெளி விட்டுத் தார் நிரப்பினோம். மண் அசையும்போது சுவரை அது இழுக்கக் கூடாதல்லவா?

சுவரை ஒரு வருடத்துக்கு மேல் தொடவில்லை. 2022 ஓகஸ்டில் ஏழு மில்லிமீற்றராக இருந்த வெடிப்பு 2023 ஜனவரியில் இரண்டாக ஒடுங்கியது. 2023 ஓகஸ்டில் மீண்டும் விரிந்தது, ஆனால் நான்கோடு நின்றது. "பூசாம வெச்சிருக்கிறத ஊராக்கள் பாத்துச் சிரிக்கிறாங்க மகன்" என்று உம்மா ஒரு தடவை சொன்னார். பொறுங்கள் என்றேன். அந்த நாட்களில் எனக்கே உள்ளூரப் பயம்தான்.

2024 பெப்ரவரியில்தான் வெடிப்பை நிரப்பினோம். கோடை உச்சத்தில் விரிந்திருக்கும் வெடிப்புக்குள் கடும் சீமெந்தைத் திணித்தால், மழைக்குச் சுவர் பழைய இடத்துக்குத் திரும்ப இடமிராது. பக்கத்தில் புதிதாக வெடிக்கும். உம்மாவின் வீட்டில் இரண்டு தடவையும் நடந்தது அதுதான்.

சாந்து கல்லைவிட மெதுவாக இருக்க வேண்டும்

சீமெந்து கூடினால் பலம் கூடும் என்பது எம்மவரிடையே உள்ள பிழையான எண்ணம். எமது செங்கற்கள் மென்மையானவை. அவற்றுக்கு நடுவில் கல்லைவிட இறுகிய சாந்தை வைத்தால் அசைவு வரும்போது சாந்து நிற்கும், கல் உடையும். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு நீறிய சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்பது இத்தகைய வேலைக்குப் பொருத்தமான கலவை. சுண்ணாம்பு சேர்ந்த சாந்து சிறிது நெகிழ்ந்து கொடுக்கும், சுவரின் ஈரத்தையும் வெளியே விடும். பங்குகளை வாளியாலோ பெட்டியாலோ அளந்து போடுங்கள். சவள் கணக்கு எப்போதும் பிழைக்கும்.

பழைய சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசு போகக் கழுவி, ஈரத்தோடு புதிய சாந்தை இறுக்கித் திணிக்க வேண்டும். உடைந்த கற்களைக் கழற்றிப் புதிதாக வையுங்கள். செங்கல்லை நனைத்து வைக்க வேண்டும், சீமெந்துக் கல்லை நனைக்கக் கூடாது. நிரப்பிய இடத்தின் மேல் கோழிக்கூட்டு வலையை இருபுறமும் ஆறு அங்குலம் படும்படி அறைந்து அதன்மேல் பூசுங்கள்.

எமது வெயிலும் ஒரு எதிரிதான். தண்ணீர் ஊற்றிய சாந்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். இறுகத் தொடங்கிய சாந்துக்கு மீண்டும் தண்ணீர் விட்டுக் குழைப்பதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு தொடங்கி வெயில் ஏறுமுன் பூச்சு வேலையை முடிப்பது நல்லது. பிறகு ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஏழு நாட்கள் நனைக்க வேண்டும். மேசனுக்குக் கூலி கொடுத்து அனுப்பியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அந்த ஏழு நாட்களில்தான் பூச்சுக்குப் பலம் வருகிறது.

கழுவாத கடல் மணல் மலிவு என்று வாங்காதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சை உதிரச் செய்யும், கம்பியையும் துருப்பிடிக்க வைக்கும். உப்புப் பூத்த சுவரை பெயின்டால் மூடுவதும் வீண். தூரிகையால் தட்டி எடுத்து, ஈரம் வரும் வழியை அடைத்து, சுவர் காய்ந்த பின் சுண்ணாம்பு அடியுங்கள்.

மரங்களிலும் கவனம் வேண்டும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரமாவது வீட்டிலிருந்து தள்ளி நடுங்கள். ஏற்கனவே வளர்ந்த பெரிய மரத்தைத் திடீரென வெட்டினாலும் அது குடித்துவந்த தண்ணீர் மண்ணில் தங்கி நிலம் ஊதும்.

புதிதாகக் கட்டுபவர்கள், வெடிக்கும் மேல்மண் படை எவ்வளவு ஆழம் என்பதைக் கோடையில் குழி தோண்டிப் பார்த்து, அத்திவாரத்தை அதற்குக் கீழே கொண்டுபோங்கள். தரை மட்டத்தில் கம்பி கட்டிய பீம் ஒன்று வீட்டைச் சுற்றி முழுமையாக ஓட வேண்டும். தோண்டிய அதே களிமண்ணை உள்ளே நிரப்பாமல், கிறவலை ஆறு அங்குலப் படைகளாக இறுக்குங்கள். வயற்காணியாயின் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்து மூல அனுமதியின்றி நிரப்ப முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைக்காரருக்கு என்ன நட்டம்?

இதையெல்லாம் சொன்னால் உமது வியாபாரம் என்னாவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியை விசாரித்த சம்பவம் நாம் அனைவரும் குத்பாக்களில் கேட்டதுதான். நான் எந்த ஈரத்தையும் மறைக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். ஆனால் பதினான்கு பை விற்ற நான் ஒரு தடவையேனும் அடியில் கைவிட்டுப் பார்க்கவில்லையே!

இப்போது வெடிப்புக்கென்று சீமெந்து கேட்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். எத்தனை தடவை பூசினீர்கள்? எந்த மாதத்தில் விரிகிறது? அந்தப் பக்கம் தண்ணீர் எங்கே போகிறது? சீமெந்து விற்பனை சற்றுக் குறைந்தது உண்மை. பீலி, குழாய், சுண்ணாம்பு விற்பனை கூடியது. அதைவிட, வீடு கட்டத் தொடங்குமுன் ஆலோசனை கேட்டு வருபவர்கள் கூடினார்கள். அத்திவாரத்திலிருந்து கூரை வரை சாமான் வாங்குபவர்களும் அவர்களே.

மேசன்மாரோடு பேசும்போது கலவை, நனைக்கும் நாட்கள், கூலி, கட்டம் கட்டமாகக் காசு கொடுக்கும் முறை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் வசனம்தான் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). எழுதுவது சந்தேகமல்ல, இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

உம்மாவின் வீட்டுக்குப் போன மாதமும் போனேன். பூசிய இடத்தில் மயிரளவு கோடொன்று தெரிகிறது. முழுவதும் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். இந்த மண்ணில் இரண்டடி அத்திவாரத்தோடு நிற்கும் வீட்டுக்கு அவ்வளவுதான் முடியும். ஆனால் கடந்த மாரியில் கதவு பூட்டுப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ். மகன் அனுப்பிய காசில் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவன் ஊருக்கு வந்து கட்டவிருக்கும் வீட்டுக்காகச் சேர்க்கிறாராம். காணியில் குழி தோண்டிப் பார்க்க ஓகஸ்டில் வரச் சொல்லியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ் போவேன்.