பூசலார் குறித்த நாள்



அம்பத்தூரில் ஒரு திருவிழாச் சொற்பொழிவு நிறைவெய்தித் திருநீறு வழங்கப்பெற்ற வேளையில், தொழிற்பேட்டையிற் பணிபுரியும் அன்பர் ஒருவர் அடியேனை அணுகினார். "ஐயா, காந்தியடிகள் பிறந்த நாள் அக்டோபர் 2; மறைந்த நாள் சனவரி 30. எந்த ஆண்டிலும் இவை மாறுவதில்லை. நாயன்மார் குருபூசையோ ஓராண்டு அக்டோபரிலும் மற்றோராண்டு நவம்பரிலும் வருகின்றது. அப்படியாயின் அவர்கள் சிவபெருமான் திருவடி சேர்ந்த நாள் உண்மையில் எது?" என்று வினவினார்.

வினா நல்ல வினா. கேட்டவர் பழிக்கக் கேட்டாரில்லை, அறியக் கேட்டார். அன்று காலம் குறைவாக இருந்தமையின் சுருங்கச் சொல்லி அனுப்பினேன். அவர்க்குச் சொல்ல வேண்டியதை முழுமையாக ஈண்டுச் சொல்ல விழைகின்றேன்.

நம் முன்னோர் ஒரு நாளைக் குறிக்கும்போது வானத்தை நோக்கியே குறித்தனர். சூரியன் எந்த இராசியில் நிற்கின்றான் என்பது மாதம். சந்திரன் எந்த நாள்மீனோடு கூடுகின்றான் என்பது நட்சத்திரம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தொலைவு எத்துணை என்பது திதி. "சித்திரைச் சதயம்" என்றால், சூரியன் மேடத்தில் நிற்கச் சந்திரன் சதயத்தைச் சேர்ந்த நாள் என்பது பொருள். ஓர் அடியவர் இறைவன் திருவடி சேர்ந்த அன்று வானம் எவ்வாறு இருந்ததோ, அவ்வாறே மீண்டும் அமையும் நாளே அவருடைய நாள். ஆங்கிலத் தேதி சூரியனை மட்டும் பற்றிச் செல்வது. நம் நாள் சூரியன், சந்திரன் என்னும் இரு சுடர்களையும் சான்றாகக் கொண்டது.

இனி, அந்த நாள் தேதியளவில் ஏன் நகர்கின்றது? சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஒருமுறை சுற்றி வர இருபத்தேழு நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆகும். அவ்வாறு பதின்மூன்று சுற்று முடிவதற்குச் சுமார் 355 நாள். சூரியன் ஒரு சுற்று முடிப்பதற்கோ 365 நாளுக்குச் சற்று மிகும். இரண்டிற்கும் வேற்றுமை பத்து நாள். ஆதலின் சென்ற ஆண்டைக் காட்டிலும் இவ்வாண்டு அந்த நட்சத்திரம் பத்து நாள் முந்தி வரும். அங்ஙனம் முந்தி முந்தி உரிய மாதத்தையே கடந்துவிடும் நிலை நேருமாயின், அடுத்த சுற்றில் வருவதைக் கொள்வர். அப்போது பதினேழு அல்லது பதினெட்டு நாள் பிந்தும். இதுவே கணக்கு. தமிழ் மாதம் இருபத்தொன்பது நாள் முதல் முப்பத்திரண்டு நாள் வரை உடையதாகலின், சிற்சில ஆண்டுகளில் ஒரே நட்சத்திரம் ஒரு மாதத்தில் இருமுறை வருவதும் உண்டு.

நகர்வது போலத் தோன்றினும் இதில் ஒழுங்கின்மை இல்லை. வைகாசி மூலம் திருஞானசம்பந்தர் திருநல்லூர்ப் பெருமணத்திற் சோதியிற் கலந்த நாள். அது எந்த ஆண்டிலும் தேய்பிறையின் முதல் நான்கு திதிகளுள் அடங்கும். சித்திரைச் சதயம் அப்பரடிகள் திருப்புகலூரில் இறைவன் திருவடி அடைந்த நாள். அது எப்போதும் தேய்பிறை நவமிக்கும் துவாதசிக்கும் இடையிலேயே வரும். தேதி மாறுகின்றது, நிலவின் வடிவம் மாறுவதில்லை. கடிகாரமும் நாட்காட்டியும் இல்லாத சிற்றூரில் வாழ்ந்த உழவனும் வானத்தை அண்ணாந்து பார்த்தே அப்பர் நாள் அணுகிற்று என்று உணர முடிந்தது இதனால் என்க.

ஆங்கிலத் தேதியோ அசையாதது என்று எண்ணுகின்றோம். அதுவும் அசைந்ததே. 1582-ஆம் ஆண்டு உரோமையில் நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அத்திருத்தத்தை இங்கிலாந்து 1752-ஆம் ஆண்டிலேயே ஏற்றது. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. அறிவியலறிஞர் நியூட்டன் பிறந்தது அவர் நாட்டுக் கணக்கில் 1642 டிசம்பர் 25. திருந்திய கணக்கில் 1643 சனவரி 4. பிறந்த பொழுது ஒன்றே, தேதிகள் இரண்டு. எனவே, தேதி மெய், நட்சத்திரம் பொய் என்று கருதுவதற்கு இடமில்லை. இரண்டும் காலத்தை அளக்கும் கோல்களே. எந்த நாளை எந்தக் கோலால் அளந்து வைத்தனரோ, அந்த நாளை அந்தக் கோலாலேயே தேடுதல் வேண்டும்.

இவ்விரு கோல்களுக்கும் பாலம் அமைத்த பெரியார் ஒருவரை ஈண்டு நன்றியோடு நினைத்தல் தகும். அவர் திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). கிறித்துவ சமயத்தைச் சார்ந்தவர்; சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராக விளங்கியவர். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் உரிய திதி, நட்சத்திரங்களைக் கணித்து, 1922-ஆம் ஆண்டில் பல தொகுதிகளாக வெளியிட்டார். நம் திருக்கோயிற் கல்வெட்டுக்களில் அரசனின் ஆட்சியாண்டு, மாதம், பட்சம், கிழமை, நட்சத்திரம் ஆகியவை குறிக்கப்பெற்றிருக்குமாயின், அது ஆங்கில ஆண்டில் எந்தத் தேதி என்று ஆராய்ச்சியாளர் காண்பதற்கு அந்நூல் பெருந்துணையாயிற்று. சதயத்திற் பிறந்தவன் இராசராச சோழன் என்று கல்லில் வெட்டி வைத்தமையால் அன்றோ இன்றும் தஞ்சையில் ஐப்பசிச் சதய விழா நிகழ்கின்றது!

மன்னர்க்குப் பிறந்த நாள் சிறப்பு. வைணவப் பெருமக்களும் தம் ஆழ்வார் ஆசாரியர்கள் அவதரித்த நாளையே போற்றுவர். நம் பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பிகளுக்கு மாசி மிருகசீரிடம் அவ்வாறு உரிய நாளாகும். சைவர் குருபூசை செய்வதோ அடியவர் இறைவன் திருவடி சேர்ந்த நாளில். ஏன்? பிறப்பு வினையால் வருவது. வினை நீங்கிய நாளே உயிர்க்குப் பெருநாள் என்பது நம் கொள்கை. உலகத்தார் இறந்த நாள் என்று துயரோடு சொல்வதை, நாம் அடியார்க்கு அன்னம் இட்டுக் கொண்டாடுகின்றோம். ஆடிச் சுவாதியில் சுந்தரர் வெள்ளையானை மீதும், அவர்தம் தோழர் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை சென்றனர். இருவர்க்கும் ஒரே நாள். நட்பிற்கு அதனினும் சிறந்த நினைவு நாள் யாதுளது?

இனி நம் ஊர்ப் பக்கத்திற்கு வருவோம். சென்னையின் மேற்கே, நாம் வாழும் இந்தப் பகுதி, நாயன்மார் நாட்களால் நிறைந்த பகுதி. ஆவடிக்கு அருகே திருநின்றவூர்; பூசலார் வாழ்ந்த பதி. அவர் நாள் ஐப்பசி அனுடம். திருவேற்காடு மூர்க்க நாயனார் தோன்றிய ஊர்; சூதாடி வென்ற பொருளைத் தாம் தீண்டாது அடியார்க்கு அமுது செய்வித்த அவருக்குக் கார்த்திகை மூலம். குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். அவர்க்கு வைகாசிப் பூசம். அப்பெருமான் திருத்தொண்டர் புராணத்தைத் தில்லையில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் அரங்கேற்றத் தொடங்கி, மறு ஆண்டு அதே சித்திரைத் திருவாதிரையில் நிறைவு செய்தார் என்பது வரலாறு. அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயில். தொண்டைமானின் வாள் பட்ட திருமேனிக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்புச் சார்த்தியிருப்பர். அதைக் களைந்து புதிதாகச் சார்த்தும் நாள், அப்பர் பெருமானுக்கு உரிய அதே சித்திரைச் சதயம்.

இவற்றுள் பூசலார் வரலாறு முழுவதுமே ஒரு நாளைப் பற்றிய வரலாறு. சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விழைந்தார் பூசலார், பொருள் இல்லை. எங்கும் தேடியும் கிட்டவில்லை. ஆதலின் மனத்திலே பொருள் திரட்டினார். மனத்திலே தச்சரை அழைத்தார். நல்ல நாள் பார்த்து மனத்திலே அடிநிலை இட்டார். விமானம், மதில், கிணறு, திருக்குளம் எல்லாம் அகத்தே அமைந்தன. இறைவனை எழுந்தருளுவிக்க நாளும் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எடுத்த கற்கோயிலுக்குக் குறித்திருந்தான். முதல் நாள் இரவு இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை நாம் நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்திற் புகுவோம். உன் செயலை மற்றொரு நாளுக்கு ஒத்திவை என்று பணித்தருளினான். மன்னன் நின்றவூர் வந்து கோயில் எங்கே என்று வினவ, அவ்வூரார் அப்படியொரு கோயில் இல்லை என்றனர். பூசலாரைக் கண்டு உண்மை தெரிந்த மன்னன் அவர் அடியில் வீழ்ந்து வணங்கி மீண்டான்.

அம்மன்னன் இராசசிம்ம பல்லவன் என்றும், அக்கற்கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த காஞ்சிக் கைலாசநாதர் கோயில் என்றும் வரலாற்றறிஞர் கருதுவர். நிகழ்ந்தது எந்த ஆண்டு, எந்தத் தேதி என்று குறிக்கும் சாசனம் இல்லை. எனினும் பூசலார் திருவடி சேர்ந்த ஐப்பசி அனுடம் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பெற்று நம் கைக்கு வந்துள்ளது. ஆண்டு மறைந்தது, நாள் நின்றது. எழுதி வைத்தமையால் மட்டும் அன்று. ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் விளக்கேற்றி வைத்தமையால் நின்றது.

இதனை இத்துணை உறுதியாகச் சொல்லும் அடியேன், ஒருகால் செய்த பிழையையும் சொல்லிவிடல் வேண்டும். ஓராண்டு ஐப்பசி அனுடத்தன்று திருநின்றவூர் இருதயாலீசுவரர் திருக்கோயிலில் குருபூசை கண்டு மகிழ்ந்தேன். வீடு திரும்பியதும் அன்றைய ஆங்கிலத் தேதியைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மறு ஆண்டு பஞ்சாங்கத்தைப் பாராமல், அத்தேதியிலேயே மாலையும் பழமும் ஏந்தி மின்தொடர் வண்டி ஏறிச் சென்றேன். கோயில் அமைதியாக இருந்தது. குருக்களை நோக்கி, "சுவாமி, பூசலார் அபிடேகம் எப்போது?" என்றேன். அவர் என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "குருபூசை ஆகிப் பத்து நாளாச்சே ஐயா! அன்றைக்கு வருவீர்கள் என்று நினைத்தேன்" என்றார். பிறகு ஒன்றும் கூறாமல் மாலையை வாங்கி நாயனாருக்குச் சார்த்தினார்.

நாண் மிகுந்தது. நாற்பது ஆண்டு மேடையேறி நாயன்மார் நாட்களைப் பிறர்க்கு எடுத்துரைத்தவன், தன் நாளைத் தேதியில் தொலைத்தான்! பல்லவன் தான் குறித்த நாளை இறைவன் ஆணையால் விட்டுக் கொடுத்தான், அது பெருமை. அடியேன் நாளை விட்டது சோம்பலால். கோயில் எடுக்க ஒரு காசும் இல்லாத ஏழை அந்தணர் மனத்திற் குறித்த நாளை இறைவன் மறந்தானில்லை. வண்டி வசதியும் அச்சிட்ட பஞ்சாங்கமும் உள்ள நாம் மறக்கின்றோம்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுப் பிறப்பன்று புதிய பஞ்சாங்கம் வாங்கியவுடன், நம் ஊரைச் சார்ந்த நாயன்மார் நாட்களை முதலிற் குறித்துக்கொள்க. நட்சத்திரம் மாதத்தில் இருமுறை வந்தாலும், வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் வேறுபட்டாலும் மயங்க வேண்டா. அவ்வத் திருக்கோயிலில் எந்த நாளைக் கொள்கின்றனர் என்று கேட்டு அதனையே கொள்க. ஐப்பசி அனுடத்திற்கு ஓர் எளிய அடையாளமும் உண்டு. பெரும்பாலும் தீபாவளி அமாவாசை கழிந்த மூன்று நான்கு நாட்களுக்குள் அது வந்துவிடும். வீட்டில் பலகாரம் தீரும் முன்னரே பூசலார் நாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், மறவார். அவ்வாறே, நும் தாய் தந்தையர் மறைந்த மாதத்தையும் திதியையும் தேதியோடு சேர்த்து எழுதி, மக்கள் கையிற் கொடுத்துச் செல்க.

அம்பத்தூர் அன்பர்க்கு அடியேன் விடை இதுவே: தம்பி, நாயனாரின் நாள் நகரவில்லை. அது வானத்தில் தன் இடத்திலேயே நிற்கின்றது. தேடிச் செல்ல வேண்டியவர் நாம். அடுத்த ஐப்பசி அனுடத்தன்று திருநின்றவூர்ப் புகைவண்டி நிலையத்தில் அடியேன் காத்திருப்பேன். இம்முறை பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டே வருவேன்.

திருச்சிற்றம்பலம்.