ஒலிபெருக்கியும் அயலானும்

நகர வாழ்வின் தீங்குகளைப் பட்டியலிடுவோர் புகையையும் சாக்கடையையும் முதலில் குறிப்பிடுவர். இரைச்சல் கடைசியாகவே அவர்கள் நினைவுக்கு வரும். கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு அத்தகைய கதவு இல்லை. உறங்குகிறவனின் செவியும் திறந்தே கிடக்கிறது. இது திருச்சபையை எவ்வளவு நெருங்கித் தொடும் பிரச்சினை என்பதைச் சென்னையில் எழுந்த ஒரு வழக்கின் துணைகொண்டு சிந்திக்க விரும்புகிறோம்.

மாதவரம் நெடுஞ்சாலையை அடுத்த கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகொஸ்தே சபையார், தங்கள் மண்டபத்தில், ஒலிபெருக்கி, முரசு, கிதார் முதலியவற்றுடன் ஆராதனை நடத்தி வந்தனர். அப்பகுதிக் குடியிருப்போர் நலச்சங்கம் அதிகாரிகளிடமும், பின்னர் உயர்நீதிமன்றத்திலும் முறையிட்டது. வாகனங்களே இரைச்சலுக்குக் காரணம் என்றும், சிறுபான்மையினரின் வழிபாட்டு உரிமை தடுக்கப்படுகிறது என்றும் சபையார் வாதிட்டனர். வாகன இரைச்சலையும் சபையின் ஒலிபெருக்கியையும் ஒருங்கே கட்டுப்படுத்தும்படி உயர்நீதிமன்றம் பணித்தது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்சநீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளியது. பிறருடைய அமைதியைக் குலைத்து மன்றாடும்படி எச்சமயமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வழக்காடியது வேறொரு சபைதானே என்று நாம் ஒதுங்கிக்கொள்வதற்கில்லை. நம் ஆலயங்களின் ஒலிபெருக்கிகளும் தெருவை நோக்கியே திரும்பியிருக்கின்றன. பிற சமயத்தாரும் இதையே செய்கிறார்களே என்போருக்கு விடை எளிது: அவர்கள் நம்மிடம் இறையியல் பயில வரவில்லை.

1987இல் திருத்தப்பட்ட காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இரைச்சலையும் காற்றை மாசுபடுத்தும் பொருள்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2000இல் வெளியான விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45 டெசிபல் என்பதே வரம்பு. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர்வரை இதனினும் குறைவு. டெசிபல் சாதாரண அளவுகோல் அன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. எனவே 45 டெசிபல் உள்ள இரவில் 65 டெசிபல் என்பது நூறு மடங்கு ஆற்றலாகும். ‘சற்றே கூட்டி வைத்தோம்’ என்று ஒலிப்பெட்டியருகே நிற்கும் இளைஞர் கூறுவதன் பொருள் இதுவே! முரசின் தாழ்ந்த அதிர்வோ சுவரையும் எளிதாகக் கடந்து செல்லும். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை; நம் பாடகர் குழுவினரும், ஒலிப்பெட்டிக்கு முன் பாயில் அமரும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுமே முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

கைத்தாளங்களால் கடவுளைத் துதிக்கும்படி 150ஆம் சங்கீதம் அழைக்கவில்லையா என்று கேட்கலாம். அழைக்கிறது. ஆனால் அத்தாளங்களுக்கு மின்சாரம் இல்லை. துதிக்கக் கூடியவர்களின் செவியிலேயே அவ்வோசை பெரும்பாலும் விழுந்தது. நாம் அதிகம் பிரசங்கிக்காத நீதிமொழிகள் 27:14 இங்கே கவனிக்கத்தக்கது. விடியற்காலத்தில் உரத்த குரலில் அயலானை ஆசீர்வதித்தால், அது சாபமாகவே எண்ணப்படும் என்பது அதன் கருத்து. போலிப் புகழ்ச்சியையே இவ்வசனம் கண்டிக்கிறது என்று உரையாசிரியர் பலர் கொள்வர், அதை மறுக்கவில்லை. எனினும் வேளையையும் குரலின் அளவையும் ஞானி வீணாகக் குறிப்பிட்டார் என்று நமக்குத் தோன்றவில்லை. சொல் ஆசீர்வாதமாகவே இருக்கிறது; கேட்கிறவனிடத்தில் சாபமாக மாறுகிறது.

நாம் நகரப் பங்கொன்றில் ஊழியம் செய்தபோது, கிறிஸ்மஸ் கீதபவனி ஒலிபெருக்கி வண்டியுடன் நள்ளிரவு கடந்தும் நடந்தது. ஒரு வீட்டார் கதவைத் திறக்கவில்லை. விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்று வழியிலேயே தீர்ப்புச் செய்தோம். அவ்வீட்டு அம்மையார் அறுவைச் சிகிச்சை முடிந்து அன்று மாலைதான் திரும்பியிருந்தார் என்பதை மறுநாள் அடுத்த வீட்டு இந்துப் பெரியவர் வந்து தெரிவித்தார். புகார் செய்ய வரவில்லை. அம்மையாருக்காக நாம் ஜெபிக்க வேண்டும் என்று கேட்கவே வந்திருந்தார்.

அடுத்த ஆண்டு பவனி மாலை 6 மணிக்குத் தொடங்கியது. வண்டி இல்லை, இரு கிதார்கள் மட்டுமே. ஆலயக் கோபுரத்திலிருந்த கூம்பு ஒலிபெருக்கிகளை இறக்க மட்டும் சபைக்குழு மூன்றுமுறை கூட வேண்டியிருந்தது. அவற்றை நன்கொடையாக அளித்தவர் குழுவில் உறுப்பினராயிருந்தார்.