உங்களுக்குத் தெரியுமா? வீணை மேதை எடுத்த பாட்டே இல்லாத படம்

பாடல் ஒன்றுகூட இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் ‘அந்த நாள்’ (1954). இயக்கியவரோ, வீணை எஸ். பாலசந்தர்!

• நடனமும் சண்டையும்கூடக் கிடையாது. இத்தனைக்கும் தயாரிப்பு ஏவி.எம்.

• 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் விமானம் நிஜமாகவே குண்டு போட்டது. அதை ஒட்டித்தான் கதை. ரேடியோ இன்ஜினீயராக வரும் சிவாஜி, தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துபோகிறார். மற்றவர்களின் நினைவில்தான் பிறகு அவரைப் பார்க்கிறோம், ஆளுக்கொரு சிவாஜி!

• துப்பறிபவர் ஜாவர் சீதாராமன். திரைக்கதையும் அவருடையதே.

• டிவிடியில் பார்ப்பவர்களுக்கு: பாட்டை ஓட்டிவிட ரிமோட் தேவையில்லை. கொலையாளி யாரென்று பக்கத்தில் இருப்பவர் உளறாமல் இருந்தால் போதும்.