முன்றிலில் நின்ற வாகனமும் நாணயமளவு ஒற்றனும்

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாம் கனடா சென்று திரும்பியபோது நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை முதலில் கூறிவிடுகின்றோம். கட்டுநாயக்காவில் இறங்கி, யாழ்ப்பாணம் நோக்கி வாடகை வண்டியில் வந்துகொண்டிருந்தோம். வவுனியாவை அண்மித்த வேளை, எமது கைத்தொலைபேசியின் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. முன்பின் அறியாத கண்காணிப்புக் கருவியொன்று உம்மோடு கூடவே பயணம் செய்கின்றது என்பதே அதன் சாரம். அதன் கீழே ஒரு வரைபடமும், அதிலே நாம் கடந்துவந்த வழியும் காட்டப்பட்டிருந்தன. வண்டியோட்டி வந்த தம்பி இதனைக் கேட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "சுவாமி, ஆரோ எங்களைப் பின்தொடருகினம் போல கிடக்கு" என்று அவர் கூறியபோது எமக்கும் உள்ளூர அச்சமே.

பெட்டிகளை இறக்கித் தேடினோம். உடுப்புகளுக்கு அடியில், ஒரு காலுறைக்குள், வெள்ளை நிறமான வட்டப் பொருளொன்று அகப்பட்டது. எமது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. தொலைபேசியை அதனருகே பிடித்தபோது அதன் தொடரிலக்கமும், உரிமையாளருடைய தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் திரையில் தெரிந்தன. அந்நான்கு இலக்கங்களைக் கண்டதும் எமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவை எம் தமக்கையாரின் மகனுடைய எண்ணுக்குரியவை! இரவு அவரை அழைத்து வினவியபோது, "பெட்டி துலைஞ்சால் தேடிப் பிடிக்கலாம் எண்டு போட்டனான் மாமா, சொல்ல மறந்துபோனன்" என்றார்.

அன்புள்ளத்தோடு செய்த காரியம்தான். ஆயினும் அதே வட்டினை அன்பில்லாத கைகள் எவ்வாறு பயன்படுத்தின என்பதை, அம்மருமகன் குடியிருக்கும் மார்க்கம் நகரிலேயே நாம் கேட்டறிந்திருந்தோம். எம் பங்குக் குடும்பங்களுள் பிள்ளையோ சகோதரரோ கனடாவில் இல்லாத குடும்பங்கள் சிலவே. அவர்களுள் மிகப் பலர் ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோவிலும், அதற்கு வடக்கே யோர்க் பிரதேசத்தைச் சேர்ந்த மார்க்கத்திலும் வாழ்கின்றனர். ஆகவே இஃது எங்கோ நடந்த கதையன்று. நம்மவர் வாசற்படியில் நடந்த கதை.

அவ்வட்டின் பெயர் ஏர்டேக். ஆப்பிள் நிறுவனம் அதனை 2021 ஏப்பிரல் மாத இறுதியில் விற்பனைக்கு விட்டது. விலை 29 அமெரிக்க டொலர். எடை 11 கிராம். குறுக்களவு 32 மில்லிமீற்றர். ஓராண்டளவு உழைக்கும் ஒரு சிறு மின்கலம் அதனுள் உண்டு. சாவிக்கொத்து, பணப்பை, பயணப்பெட்டி முதலியவற்றை மறதியாய் விட்டுவிடுவோருக்கெனச் செய்யப்பட்டது. அது விண்கோளோடு பேசுவதில்லை என்பதை அறிந்து நாம் வியந்தோம். தான் இருக்கும் இடம் அதற்கே தெரியாது. புளூடூத் எனப்படும் குறுந்தூர வானொலி அலையில் "நான் இங்கிருக்கின்றேன்" என்று ஓயாமல் முணுமுணுப்பது மாத்திரமே அதன் தொழில். அவ்வழியே செல்லும் எவருடைய ஐபோனாயினும் அம்முணுமுணுப்பைக் கேட்டு, தானிருக்கும் இடத்தை மறைகுறியாக்கி அனுப்பிவைக்கும். வட்டின் சொந்தக்காரர் தம் திரையில் அதனைக் காண்பார். வழிப்போக்கருக்கோ தாம் இவ்வாறு தூது போனது தெரியாது. ஐபோன்கள் நிறைந்த ஒரு நாட்டில், வீதியிற் செல்வோர் அனைவரும் ஊதியமில்லா ஒற்றர்களாகிவிடுகின்றனர்.

இக்கருவி கடைகளுக்கு வந்து ஐந்து மாதம் நிறைவதற்குள் கள்வர் அதன் பயனைக் கண்டுகொண்டனர். 2021 டிசெம்பரில் யோர்க் பிரதேசப் பொலிஸார் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தனர். செப்டெம்பர் முதலாக ஐந்து சம்பவங்களில், விலையுயர்ந்த வாகனங்களில் இச்சிறு வட்டுகள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன என்றனர். கடைத்தொகுதிகள் போன்ற பொது இடங்களின் வாகனத் தரிப்பிடங்களிலேயே இது நடந்தது. குடும்பத்தார் பொருள் வாங்க உள்ளே சென்றிருக்கும் நேரத்தில், கண்ணிற்படாத ஓரிடத்தில் வட்டு செருகப்பட்டுவிடும். அவர்கள் வீடு திரும்புவர். வட்டும் உடன் செல்லும். பின்னர் கள்வர் ஆறுதலாக வந்து, வீட்டு முன்றிலில் நிற்கும் வாகனத்தைக் கொண்டுசெல்வர்.

கதவைத் திறப்பதற்குத் திருகாணி முடுக்கி போன்ற எளிய கருவியே போதுமாயிருந்தது. அதன்பின் நடப்பதுதான் எமக்கு அதிக கவலையை ஊட்டிற்று. ஓட்டுநரின் முன்பலகைக்குக் கீழே, பழுது பார்ப்போர் தம் கணினியைப் பொருத்துவதற்கென ஒரு துவாரம் உண்டு. தொழிற்கூடங்களில் முறையாகப் பயன்படும் ஒரு மின்னணுக் கருவியை அதிற் பொருத்தி, தாம் கொண்டுவந்த புதிய சாவியை வாகனம் தன் சொந்தச் சாவியாக ஏற்குமாறு செய்துவிடுகின்றனர். மெய்யான சாவியோ வீட்டினுள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஓர் உண்மையை இங்கு மறைத்தல் தகாது. அதற்கு முந்திய ஓராண்டில் யோர்க் பிரதேசத்தில் களவுபோன வாகனங்கள் 2,000க்கும் மேல். அவற்றோடு ஒப்பிட்டால் வட்டு சம்பந்தப்பட்ட ஐந்து மிகச் சொற்பமே. செய்தித்தாள்கள் அவ்வைந்தையே பெரிதாக எழுதின, புதுமையன்றோ! எம் எண்ணத்தில், வட்டு வழிகாட்டி மாத்திரமே. வாசலைத் திறந்து விட்டது முன்பலகையின் கீழுள்ள அத்துவாரம். பெருவிலை வாங்கும் உற்பத்தியாளர்கள் அதற்கு ஒரு நல்ல பூட்டினை இடாது, காவற்பொறுப்பை வாங்கியவர் தலையில் வைத்தது எவ்வாறு நியாயமாகும் என்பது எமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆப்பிள் நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. வட்டு தன் சொந்தக்காரரை விட்டு நெடுநேரம் பிரிந்திருந்தால், அசைக்கப்படும்போது ஒலி எழுப்புமாறு தொடக்கத்திலேயே செய்திருந்தது. ஆயின் அதற்கு வைத்த தவணை மூன்று நாள். 2021 ஜூன் மாதத்தில் அது 8 முதல் 24 மணித்தியாலம் வரையெனக் குறைக்கப்பட்டது. மாலையில் கடைத்தெருவில் வட்டினைச் செருகி, பின்னிரவில் வந்து வண்டியைக் கொண்டுபோகும் கள்வனுக்கு எட்டு மணித்தியாலமும் தாராளமே. அந்நியர் வட்டொன்று உடன்வருமாயின் ஐபோன் தானாகவே எச்சரிக்கும். ஏனைய அண்ட்ரொயிட் தொலைபேசிகளை வைத்திருந்தோருக்கு இவ்வசதி முதலில் கிட்டவில்லை. 2021 டிசெம்பரில் அவர்களுக்கென ஒரு செயலி வந்தது. எனினும் சந்தேகங்கொண்டு தாமே தேடினால் மாத்திரமே அது பயன்பட்டது. சந்தேகமே இல்லாதவர் எதைத் தேடுவார்? 2024 மே மாதத்தில் ஆப்பிளும் கூகிளும் இணைந்து, இருவகைத் தொலைபேசிகளும் தாமாகவே எச்சரிக்குமாறு பொது ஏற்பாடொன்றைச் செய்தன.

இனி ஒரு விந்தையைக் கேளுங்கள். இவ்வெச்சரிக்கை கள்வனுக்கும் உதவுகின்றது. வாகனத்தின் உரிமையாளர் தம் பாதுகாப்புக்கெனத் தாமே ஒரு வட்டினை உள்ளே ஒளித்துவைத்திருந்தால், திருடிச் செல்பவனின் தொலைபேசியும் "உன்னோடு ஒரு வட்டு வருகின்றது" என்று அவனுக்குச் சொல்லிவிடும். அவன் அதனைத் தேடி எறிந்துவிடலாம். பின்தொடரப்படும் அபலைப் பெண்ணைக் காக்கும் அதே மணி, திருடனையும் காக்கின்றது. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டுமாயின், பெண்ணின் பாதுகாப்பே முதன்மையானது என்பதில் எமக்கு ஐயமில்லை. இவ்வளவிருந்தும், 2023 ஏப்பிரல் இறுதியில் நியூயோர்க் மாநகர முதல்வரும் பொலிஸாரும் வாகனங்களில் ஏர்டேக் வைக்குமாறு மக்களைத் தூண்டி, நன்கொடையாகக் கிடைத்த 500 வட்டுகளையும் பகிர்ந்தளிக்க முன்வந்தனர்! ஓரூரில் கள்வனின் கருவியென எச்சரிக்கப்பட்டது, மற்றோரூரில் காவலனின் கருவியாயிற்று.

அவ்வாறு வைத்தவர்கள் கண்ட பயன் யாது? ரொறன்ரோவாசி ஒருவர் தம் பெரிய வாகனத்துள் வட்டுகளை வைத்திருந்தார். 2023இல் அது களவுபோயிற்று. மொன்றியல் துறைமுகத்துக்கும், பின்னர் கடல்கடந்து ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் அது சென்ற வழியை அவர் தம் திரையிலே பார்த்துக்கொண்டிருந்தாரேயன்றி, தடுக்க முடியவில்லை. கொள்கலன்களில் அடைத்து ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் கப்பலேற்றுவது அங்கு ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்திருந்தது. கனடிய அரசு 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் இதற்கெனவே தேசிய மாநாடொன்றைக் கூட்டியபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 வாகனங்கள் களவுபோவதாகக் கணக்குக் கூறப்பட்டது. ஏறக்குறைய ஆறு நிமிடத்துக்கு ஒன்று. அதன்பின் ரொறன்ரோவில் நடந்த கூட்டமொன்றில் பொலிஸ் அலுவலர் ஒருவர், கள்வர் வீட்டினுள் புகுந்து தாக்காதிருக்க வேண்டுமாயின் சாவியை முன்வாசலருகே வைத்துவிடுங்கள் என்று ஆலோசனை கூறிவிட்டார். மக்கள் கொதித்தெழுந்தனர். கொதித்தது நியாயமே. ஆயினும், உயிர் பெரிதா வண்டி பெரிதா என்ற வினாவும் அதனுள் இருந்ததை மறுக்கவியலாது. ஆயுதந்தாங்கி வீடு புகுந்த கள்வரும் அங்கு இருக்கவே செய்தனர்.

எம் மருமகனின் அயல்வீட்டாருடைய வாகனமும் ஓரிரவில் மறைந்துபோயிற்று. அதில் வட்டு இருந்ததா என்பது எவருக்கும் தெரியாது. காப்புறுதிப் பணம் பின்னர் கிடைத்தது. ஆயின் அவ்வீட்டுத் தாயார், முற்றத்தில் ஏதேனும் ஒலி கேட்டால் இன்றும் எழுந்து சாளரத்தருகே நிற்கின்றாராம். காப்புறுதி அதற்கு ஈடு தருவதில்லை.

யோர்க் பொலிஸார் அன்று கூறிய ஆலோசனைகள் எளியவை. வாகனத்தை வீட்டோடு சேர்ந்த மூடிய கொட்டிலினுள் பூட்டிவையுங்கள் என்பது முதலாவது. (மார்க்கத்தில் நாம் கண்ட கொட்டில்களில் அரிசி மூட்டைகளும், பழைய தளபாடங்களும், என்றோ ஒருநாள் ஊருக்கு அனுப்பவென்று கட்டிய பெட்டிகளுமே குடியிருந்தன, வாகனம் பனியில் நின்றது.) சுக்கானுக்கு இரும்புப் பூட்டு இடுதல், முன்பலகையின் கீழுள்ள துவாரத்துக்குப் பூட்டு இடுதல், தரமான கண்காணிப்பு ஒளிப்படக்கருவி பொருத்துதல் என்பன ஏனையவை. சுக்கானில் குறுக்கே கிடக்கும் சிவப்பு இரும்புத்தடி பழைய காலத்துப் பொருளாகத் தோன்றலாம். ஆயின் அதனை அறுக்க நேரம் பிடிக்கும். நேரமே கள்வனுக்குப் பகை.

கடைத்தெருவிலிருந்து வந்ததும் வாகனத்தைச் சுற்றிப் பார்ப்பதும் நன்று. இலக்கத்தகட்டின் பின்புறம், சக்கரங்களின் மேல்வளைவு, முன்பின் தடுப்புகளின் அடிப்பாகம், எரிபொருள் மூடியின் உட்புறம் ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஏதேனும் அகப்பட்டால் சினங்கொண்டு வீதியில் எறிந்துவிடாதீர்கள். அதன் தொடரிலக்கத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸாரை அழையுங்கள். அதனைப் பதிவுசெய்த கணக்கு யாருடையதென ஆப்பிள் நிறுவனத்திடம் முறைப்படி கேட்டறிய அவர்களால் இயலும். அதன் உருக்கு மூடியை அழுத்தி இடப்புறமாகத் திருகினால் மின்கலம் கழன்றுவிடும். அதன்பின் அது எவருக்கும் எதனையும் சொல்லாது.

எம் காலுறைக்குள் வந்த வட்டினையும் அவ்வாறே ஊமையாக்கி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கின்றோம். அங்கிருந்து அடுத்து வருபவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கொடுத்தனுப்பும்போது அவரிடம் சொல்லியே அனுப்புவோம்.