வீட்டில் காடைக் குஞ்சு பொரித்து வளர்த்தல்

தறியையே நம்பி வாழும் குடும்பத்திற்கும், மழையையே நம்பி உழும் குடும்பத்திற்கும் ஒரு துன்பம் பொதுவானது. செலவு நாள்தோறும் வருகின்றது. வருவாயோ இடையிடையேதான் வருகின்றது. சங்கரன்கோவில் நெசவாளருக்கு நூல் கிடைக்காத வாரம் உண்டு; பாவூர்சத்திரத்துக் காய்கறி விவசாயிக்குக் கிணறு வற்றும் மாதம் உண்டு. அக்காலத்தில் கைச்செலவுக்கு உதவும் உபதொழில்களுள் காடை வளர்ப்பும் ஒன்று. இதற்கு வேண்டிய இடமும் முதலும் குறைவு. பலனும் ஐந்தாறு வாரங்களில் கிட்டிவிடும். ஆயினும் குஞ்சுகள் மிகுதியாக மடிவது முதல் இரு வாரங்களிலேயாம். அந்த நாட்களைக் கடக்கும் வழியை அங்கத்தினர்கள் அறிந்துகொண்டு தொடங்குவது நலம்.

வீட்டில் வளர்ப்பதற்குரியது ஜப்பானியக் காடை. இஃது 1974-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. நமது வயல்களிலும் புதர்களிலும் திரியும் காட்டுக் காடை வேறு. அதனைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே முட்டையையோ குஞ்சையோ நம்பத்தகுந்த பண்ணையிலிருந்தே பெறுதல் வேண்டும்.

வீட்டுக் காடை தன் முட்டையைத் தானே அடைகாப்பதில்லை; பல தலைமுறை கூண்டில் வளர்ந்து அவ்வியல்பை இழந்துவிட்டது. எனவே கருவியிலாவது, அடைக்கு உட்கார்ந்த சிறு நாட்டுக்கோழியின் கீழாவது முட்டைகளை வைக்கவேண்டும். கோழி தரும் சூடு நல்லதே. ஆயினும் ஏழெட்டு கிராமே எடையுள்ள குஞ்சு அதன் காலில் மிதிபட்டு இறப்பதுண்டு. ஆதலின் பொரித்தவுடன் குஞ்சுகளைப் பிரித்தெடுத்துவிடுவதே மேல்.

அடைக்கு வைக்கும் முட்டை பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ளதாய், விரிசலற்றதாய், இட்டு ஒரு வாரத்திற்குட்பட்டதாய் இருத்தல் வேண்டும். ஓட்டைக் கழுவுதல் கூடாது. காற்றாடி பொருந்திய கருவியில் 99½ முதல் 100 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் நிலைத்திருக்க வேண்டும். ஈரப்பதம் முதலில் நூற்றுக்கு 60 பங்கும், கடைசி மூன்று நாட்களில் 70 பங்கும் இருத்தல் நன்று. பதினான்கு நாள் வரை நாளொன்றுக்கு நான்கைந்து முறை முட்டைகளைத் திருப்பி வைக்கவேண்டும், அதன்பின் திருப்பலாகாது. பதினேழு அல்லது பதினெட்டாம் நாளில் குஞ்சு வெளிவரும். அப்போது ஆவலினால் கருவியை அடிக்கடி திறப்பவர் ஈரத்தை இழக்கச் செய்கின்றார். குஞ்சு ஓட்டிற்குள்ளேயே ஒட்டிக்கொண்டு மடியும்.

குஞ்சு உலர்ந்தபின் அதற்கு வேண்டிய முதற்பொருள் சூடு. முதல் வாரம் 95 டிகிரிக்குக் குறையாத வெப்பமும், பின்னர் வாரத்திற்கு ஐந்து டிகிரி குறைவாகவும் மூன்று வாரம் கொடுக்கவேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் குளிர்கின்றது. விளக்கை விட்டு ஓரத்தில் ஒதுங்கினால் சூடு மிகுதி. எங்கும் பரவி இரை பொறுக்கினால் அளவு சரி.

நம் பகுதியில் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேல்காற்றும் குற்றாலச் சாரலும் மனிதருக்கு இன்பம். குஞ்சுக்கோ அதுவே எமன். மேற்குப் பக்கத்தைச் சாக்கினால் மறைத்துவிட்டு, காற்றோட்டத்திற்கு மேற்புறத்தில் மட்டும் வழி விடுக. இரவில் மின்சாரம் நின்றால், வெந்நீர் நிறைத்த புட்டிகளைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது குஞ்சுக்கும் வீட்டாருக்கும் ஆபத்து.

தரையில் வழவழப்பான தாள் விரித்தால் குஞ்சின் கால்கள் விரிந்து ஊனமாகும். சொரசொரப்பான சாக்குத் துணியே ஏற்றது. தண்ணீர்த் தட்டில் சிறு கூழாங்கற்களை நிரப்பாவிடில் குஞ்சுகள் மூழ்கி இறக்கும். நெசவாளர் வீட்டில் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும்: கழிவு நூல் ஓர் இழை உள்ளே விழுந்தாலும் காலைச் சுற்றி இறுக்கிவிடும். ஆதலின் தறிக்கூடத்தில் குஞ்சுகளை வைக்கலாகாது.

தீவனத்தில் நூற்றுக்கு 24 பங்குக்கு மேல் புரதம் வேண்டும். தவிடும் நொய்யும் மட்டும் போதா. ஐந்து வாரத்திற்குள் ஒரு காடை ஏறக்குறைய அரைக் கிலோ தீவனம் தின்னும். மூன்றாம் வாரத்தில் மார்புச் சிறகு செம்பழுப்பாய் இருப்பது ஆண். கரும்புள்ளிகள் உடையது பெண். முட்டைக்காக வளர்ப்போர் மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண் விடலாம். ஆறேழு வாரத்தில் பெண் காடை முட்டையிடத் தொடங்கும்.

விற்பனையையும் முன்கூட்டியே எண்ணவேண்டும். வைகாசி முதல் தேதி அடைக்கு வைத்த முட்டை, பதினெட்டு நாளில் பொரித்து, ஐந்து வாரம் வளர்ந்து, ஆனி இருபத்திரண்டாம் தேதியையொட்டி விற்பனைக்கு வரும். அஃது அருவிக்கு மக்கள் திரளும் காலம். ஆனால் அக்குஞ்சுகளின் முதல் வாரங்கள் சாரல் தொடங்கும் நாட்களில்தான் கழியும். விலை தரும் காற்றே குஞ்சைக் கொல்லும் காற்று என்பதை மறவாதீர்.

கணக்கிடும்போது நூறு முட்டைக்கு நூறு குஞ்சு என எண்ணலாகாது. அறுபது குஞ்சு என்றே கொள்க. அதிலும் சில மடியும். "குஞ்சு தருகிறோம், வளர்த்தபின் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று பெருந்தொகை கேட்போரிடம் விழிப்பாயிருங்கள். 2012-ஆம் ஆண்டில் பெருந்துறைப் பக்கத்து ஈமு வளர்ப்புத் திட்டங்கள் முறிந்தபோது, சேமிப்பையெல்லாம் இழந்த குடும்பங்கள் பல. தனியொருவர் ஏமாறுவது எளிது. பத்து வீட்டார் கூடி ஒரு பொரிப்பானை வாங்கி, தீவனத்தை மொத்தமாய்க் கொண்டு, விலையை ஒன்றாய்ப் பேசினால் ஏமாறுவது அரிது.

முதலில் ஐம்பது முட்டையோடு தொடங்குங்கள். பொரித்தவை எத்தனை, மடிந்தவை எத்தனை, தீவனச் செலவு எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுங்கள். ஒரு முறை கண்ட கணக்கு இலாபம் காட்டினால் மட்டுமே அடுத்த முறை பெருக்குங்கள்.