வானில் பதிந்த பெண்களின் பெயர்கள்

பிள்ளை பிறந்த வீட்டில் ஏழாம் நாளுக்கு முன்னரே பெயரைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். வாப்பும்மா ஒரு பெயரைச் சொல்வார். மாமி வேறொன்றைச் சொல்வார். பொருள் நல்லதா, கூப்பிட இலகுவானதா, குடும்பத்தில் ஏற்கனவே ஒருவருக்கு அப்பெயர் உண்டா என்றெல்லாம் பார்த்துத்தான் ஒன்றைத் தீர்மானிப்போம்.

வானியல் விஞ்ஞானிகளும் ஏறத்தாழ இதே கேள்விகளைக் கேட்டுத்தான் பெயர் சூட்டுகிறார்கள் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? அவர்கள் பெயர் சூட்டுவது வானில் சுற்றித் திரியும் பாறைகளுக்கு! அந்தப் பெயர்களின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால், உலகம் பெண்ணை எப்படியெல்லாம் மதித்தது, எப்படியெல்லாம் மறந்தது என்பதும் தெரியவரும்.

சிறுகோள் என்பது என்ன?

செவ்வாய்க் கோளுக்கும் வியாழன் கோளுக்கும் இடையிலுள்ள பரந்த வெளியில் எண்ணற்ற பாறைகள் சூரியனைச் சுற்றி வருகின்றன. இவற்றையே சிறுகோள்கள் என்கிறோம். வேறு பாதைகளில் செல்பவையும் உண்டு. சில பூமிக்கு அருகாலும் கடந்து செல்கின்றன. சில நூறு கிலோமீற்றர் அகலமானவையும், ஒரு வீட்டின் அளவேயானவையும் இவற்றுள் அடங்கும்.

முதலாவது சிறுகோளை 1801ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரில் பியாஸி என்பவர் கண்டார். அதன் குறுக்களவு சுமார் 940 கிலோமீற்றர். 2006ஆம் ஆண்டு முதல் அது குள்ளக்கோள்களுள் ஒன்றாகவும் எண்ணப்படுகிறது. இன்று அறியப்பட்டுள்ள சிறுகோள்கள் 14 இலட்சத்தையும் தாண்டிவிட்டன. ஆனால் பெயர் பெற்றவை சுமார் 25 ஆயிரம் மாத்திரமே. நூற்றுக்கு இரண்டு வீதம்கூட இல்லை.

பெயர் கிடைக்கும் வழி

புதிய சிறுகோள் ஒன்று தென்பட்டதும் முதலில் கிடைப்பது ஒரு தற்காலிக அடையாளமாகும். அண்மையில் பத்திரிகைகளில் அதிகம் பேசப்பட்ட '2024 வைஆர்4' இதற்கு நல்ல உதாரணம். 2024 என்பது கண்டுபிடித்த ஆண்டு. அடுத்துவரும் ஆங்கில எழுத்து எந்த அரைமாதம் என்பதைக் குறிக்கும். 'வை' என்றால் டிசம்பரின் பிற்பாதி. 'ஆர்' என்ற எழுத்தும் 4 என்ற இலக்கமும் சேர்ந்து, அந்த அரைமாதத்தில் கண்டறியப்பட்ட 117ஆவது சிறுகோள் இது என்று சொல்கின்றன. 2032ஆம் ஆண்டில் அது பூமியில் மோதக்கூடும் என்ற அச்சம் 2025இன் ஆரம்பத்தில் எழுந்தது. பாதை சரியாகக் கணிக்கப்பட்டதும் சில வாரங்களிலேயே அந்த அச்சம் நீங்கியது.

பல ஆண்டுகள் அவதானித்துப் பாதை ஐயமின்றி உறுதியான பின்னரே சிறுகோளுக்கு நிரந்தர எண் வழங்கப்படும். அதன்பின் கண்டுபிடித்தவர் பத்து ஆண்டுகளுக்குள் ஒரு பெயரை முன்மொழியலாம். அதனைச் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழுவொன்று ஆராய்ந்து முடிவு செய்யும்.

விதிகள் சுவையானவை. பெயர் ஆங்கிலத்தில் 16 எழுத்துகளுக்கு மேற்படக்கூடாது. உச்சரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எவர் மனதையும் புண்படுத்தக்கூடாது. ஏற்கனவே உள்ள பெயரைப் பெரிதும் ஒத்திருக்கக்கூடாது. அரசியல்வாதிகள், படைத்தலைவர்கள் ஆகியோரின் பெயரை வைப்பதாயின் அவர்கள் இறந்து நூறு ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும்! வர்த்தகப் பெயர்களுக்கு இடமில்லை. வளர்ப்புப் பிராணிகளின் பெயர்களும் விரும்பப்படுவதில்லை. ஒருவர் தாம் கண்ட சிறுகோளுக்குத் தமது பூனையின் பெயரை வைத்துவிட்டதே இதற்குக் காரணம்.

எமது நாட்டில் நீண்ட காலம் வாழ்ந்து, 2008இல் கொழும்பில் காலமான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரிலும் ஒரு சிறுகோள் உண்டு. அதன் எண் 4923. '2001' என்ற ஆண்டைத் தலைப்பிலே கொண்ட நாவலால் புகழ்பெற்ற அவருக்கு அந்த எண்ணே பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் 2001ஆம் எண் அதற்கு முன்னரே ஐன்ஸ்டைனின் பெயருக்குப் போய்விட்டது.

பெயர் பெண்ணுடையது, பெருமை யாருடையது?

பியாஸி தாம் கண்ட சிறுகோளுக்கு ரோமரின் தானியத் தெய்வமான 'செரஸ்' என்பவளின் பெயரையும், தமது மன்னர் பெர்டினண்டின் பெயரையும் சேர்த்து வைத்தார். மற்ற நாட்டார் மன்னரின் பெயரை ஏற்கவில்லை. செரஸ் மட்டுமே நிலைத்தது. தொடர்ந்து 1802இல் பல்லாஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என வந்தவை யாவும் பழங்கதைகளில் வரும் பெண் தெய்வங்களின் பெயர்களே.

சிறுகோளுக்குப் பெண்பெயர்தான் வைக்க வேண்டும் என்பது இவ்வாறு எழுதாத சட்டமாகிவிட்டது. எவ்வளவு தூரம் என்றால், ஜேர்மனிய அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட்டைக் கௌரவிக்க விரும்பியபோது அவர் பெயரையே பெண்பெயராக மாற்றி 'அலெக்சாண்ட்ரா' என்று வைத்தார்கள்! 1898இல் ஈரோஸ் என்ற ஆண்பெயர் சூட்டப்பட்ட பின்னரே இந்த வழக்கம் தளர்ந்தது.

இப்படி வானமெங்கும் பெண்பெயர்கள் நிறைந்திருந்தும், வாழ்ந்த பெண்கள் அங்கே எத்தனை பேர்? முதலில் இடம்பிடித்தவர்கள் அரண்மனைப் பெண்களே. 1850இல் ஒரு சிறுகோளுக்கு 'விக்டோரியா' என்று பெயரிட்டபோது, உயிரோடிருக்கும் இராணியின் பெயரை வைப்பதா என்று அமெரிக்க வானியலாளர் சிலர் ஆட்சேபித்தனர். அது வெற்றித் தெய்வத்தின் பெயர் என்று சமாதானம் சொல்லப்பட்டது. 1857இல் பாரிஸ் நகரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றுக்குப் பிரான்ஸ் நாட்டு அரசியின் பெயரால் 'யூஜீனியா' என்றே வைத்துவிட்டார்கள்.

பிறகு பணம் வந்தது. ஆஸ்திரிய வானியலாளர் பலிஸா 1885இல், தாம் கண்ட ஒரு சிறுகோளுக்குப் பெயர் வைக்கும் உரிமையை 50 பவுணுக்கு விற்பதாக விளம்பரம் செய்தார். சூரிய கிரகணமொன்றைப் பார்க்கச் செல்லும் பிரயாணச் செலவுக்காகவே அவருக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. செல்வந்தர் ரொத்ஷைல்ட் அவ்வுரிமையை வாங்கித் தமது மனைவியின் பெயரான 'பெட்டினா'வைச் சூட்டினார்.

ஐம்பது பவுண் சம்பளம்

அதே பலிஸா 1888இல் கண்ட இன்னொரு சிறுகோளுக்கு 'லுக்ரீஷியா' என்று பெயர். இது கரோலின் லுக்ரீஷியா ஹெர்ஷல் என்ற பெண்மணியின் நடுப்பெயராகும். ஜேர்மனியில் 1750இல் பிறந்த இவர் சிறுவயதில் கண்ட நோயால் வளர்ச்சி குன்றியவர். வீட்டு வேலைக்கே உரியவர் என்று தாயாலேயே ஒதுக்கப்பட்டவர். இங்கிலாந்தில் இருந்த தமையன் வில்லியம் இவரை அழைத்துச் சென்றார். தமையன் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வதும், கணக்குகளைச் சரிபார்ப்பதும், வீட்டைப் பராமரிப்பதும் இவர் பணி. கிடைத்த ஓய்வில் தாமே வானத்தைத் தேடி எட்டு வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தார். 1787இல் பிரித்தானிய மன்னர் இவருக்கு ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம் வழங்கினார்.

பெட்டினாவின் பெயருக்காகக் கணவர் ஒரே தடவையில் கொடுத்த தொகையும், கரோலினின் ஓராண்டு உழைப்புக்குக் கிடைத்த தொகையும் ஒன்றே. இரண்டு பெயர்களும் இன்றும் வானில் சுற்றுகின்றன. ஒன்று வாங்கப்பட்டது. மற்றது உழைத்துப் பெற்றது.

பிள்ளைகள் வளர்ந்த பின்

குடும்பப் பொறுப்புகளுக்குள் அகப்பட்டு, இனி எமக்கென்ன என்று இருந்துவிடும் சகோதரிகள் அறிய வேண்டிய இன்னொருவர் கரோலின் ஷுமேக்கர். மூன்று பிள்ளைகளின் தாயான இந்த அமெரிக்கப் பெண்மணி, பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுச் சென்ற பின்னரே, 51ஆவது வயதில் வானாராய்ச்சியில் இறங்கினார். வானியலில் பட்டம் பெற்றவரல்லர். ஒரே வானப் பகுதியைச் சிறிது நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, இடம் மாறியிருக்கும் புள்ளி எதுவெனப் பொறுமையோடு தேடுவதே அவர் வேலை. இவ்வாறு 32 வால்வெள்ளிகளையும் நூற்றுக்கணக்கான சிறுகோள்களையும் கண்டார். 1994 ஜூலையில் வியாழன் கோளில் மோதி உலகையே வியக்க வைத்த வால்வெள்ளி, அவரும் கணவரும் நண்பர் லெவியும் சேர்ந்து கண்டுபிடித்ததே. 4446ஆம் எண் சிறுகோள் 'கரோலின்' என்ற அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. 2021இல் அவர் காலமானார்.

சொந்தப் பெயர் எழுதப்படாதவர்

முஸ்லிம் அறிஞர்களின் பெயர்களும் இவ்வரிசையில் உண்டு. 9936ஆம் எண் அல்பிரூனியுடையது. 2755ஆம் எண் 'அவிசென்னா', 59239ஆம் எண் 'அல்ஹசன்'. இவர்கள் யார் என்று கேட்டால் எமது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம். முன்னவர் இப்னு ஸீனா, பின்னவர் இப்னுல் ஹைதம். ஐரோப்பியரின் நாவில் திரிந்த பெயர்களே வானத்திலும் ஏறிவிட்டன.

இவர்களை விட எம்மைச் சிந்திக்க வைப்பது 7060ஆம் எண் சிறுகோள். 1990இல் கலிபோர்னியாவின் பலோமர் மலையிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட இதன் பெயர் 'அல்இஜ்லிய்யா'. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் சிரியாவின் ஹலப் நகரில், ஸைபுத் தௌலாவின் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த பெண்மணி இவர். அஸ்துர்லாப் எனும் கருவியைச் செய்வதில் வல்லவர். சூரியனும் நட்சத்திரங்களும் நிற்கும் உயரத்தை அளந்து நேரத்தை அறியவும், தொழுகை வேளைகளையும் கிப்லாவின் திசையையும் கணிக்கவும் உதவிய நுட்பமான கருவி அது. பித்தளைத் தகட்டில் மயிரிழை பிசகாமல் கோடுகளைச் செதுக்க வேண்டும். கணிதமும் தெரிய வேண்டும், கைத்திறனும் வேண்டும்.

பக்தாதில் இப்னுந் நதீம் தொகுத்த நூற்பட்டியலில், கருவி செய்வோரின் வரிசையில் இவருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே உள்ளது, அல்இஜ்லி என்பவரின் மகள் என்ற குறிப்பே. பெற்றோர் இவருக்கு வைத்த பெயர் அதில் இல்லை. பிற்காலத்தவர் 'மர்யம்' என்று அழைத்தாலும் அப்பழைய நூல் அப்படிச் சொல்லவில்லை. ஓராயிரம் ஆண்டுகள் கடந்து அவரது தொழிலை நினைவுகூர்ந்து வானில் பெயர் சூட்டினார்கள். சூட்டுவதற்கு அவரது சொந்தப் பெயர்தான் மிஞ்சியிருக்கவில்லை.

மலாலா என்றொரு சிறுகோள்

பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில், பெண்பிள்ளைகளின் கல்விக்காகப் பேசியமைக்காக 2012இல் சுடப்பட்டு உயிர்தப்பிய மலாலா யூஸுப்ஸாயின் பெயரில் உள்ளது 316201ஆம் எண் சிறுகோள். 2015இல் இப்பெயரைச் சூட்டியவர் ஏமி மெய்ன்ஸர் என்ற பெண் விஞ்ஞானி. சிறுகோள்களுள் பெண்களைக் கௌரவிப்பவை மிகச் சிலவே என்பதைத் தமது சக ஆய்வாளர் ஒருவர் எடுத்துக்காட்டியதே தம்மைத் தூண்டியது என்று அவர் கூறினார். சுமார் நான்கு கிலோமீற்றர் அகலமான அந்தக் கரிய பாறை ஐந்தரை ஆண்டுகளுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றி வருகிறது. தெய்வங்களும் அரசிகளும் செல்வந்தரின் மனைவியரும் நின்ற வரிசையில், இப்போது ஒரு பாடசாலை மாணவியும் நிற்கிறாள்.

ஏமாற வேண்டாம்

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "உங்கள் பிள்ளையின் பெயரை ஒரு நட்சத்திரத்துக்கு வைத்துச் சான்றிதழ் தருகிறோம்" என்று பணம் பெறும் நிறுவனங்கள் வெளிநாடுகளில் உள்ளன. அழகான சட்டமிட்ட தாள் வரும். அவ்வளவுதான். சர்வதேச வானியல் ஒன்றியம் இத்தகைய பெயர்களை அங்கீகரிப்பதில்லை. எந்த விஞ்ஞானியும் அவற்றைப் பயன்படுத்துவதும் இல்லை. நட்சத்திரத்தின் பெயரோ சிறுகோளின் பெயரோ இன்று விற்பனைக்கு இல்லை. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அன்போடு இப்படியொரு பரிசு அனுப்ப நினைத்தால், அந்தப் பணத்திற்குப் பிள்ளைக்கு நல்ல புத்தகங்கள் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

வானத்தில் எழுதப்படும் பெயர்கள் மிகச் சில. அதற்கு முன் நாம் செய்யக்கூடியவை எத்தனையோ உண்டு. எமது ஊரில் முதன்முதலாகப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியை யார்? மருத்துவ வசதி இல்லாத காலத்தில் வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்த்த மருத்துவிச்சி யார்? இன்னாரின் மகள், இன்னாரின் உம்மா என்றே நாம் அறிந்த அவர்களின் சொந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் இன்றும் எம் மத்தியில் இருக்கக்கூடும். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, பிள்ளைகளின் கையால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அல்இஜ்லிய்யாவுக்கு அப்படி எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை.